தடுத்த கைகளும் சேர்ந்ததே இரங்கல்

மரக்காணத்து உப்பளங்களில் ஐப்பசி பிறக்கும்போது வேலை ஓய்ந்துவிடும். தை, மாசியில் தொடங்கிய உப்பு வாருதல், வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருமழை பாத்திகளில் இறங்கியதும் நின்றுபோகும். வாரிய உப்பை மேட்டில் அம்பாரமாகக் குவித்துக் கீற்று வேய்ந்து மூடிவிட்டு, உப்பளத்தார் வேறு வேலை தேடிப் போவார்கள். அதன்பின் பாத்தி எது, வரப்பு எது, கழுவெளி எது என்று பிரித்தறிய முடியாத ஒரே நீர்ப்பரப்பாக ஊரின் ஓரம் கிடக்கும். புதுச்சேரிக்கு விரையும் சென்னைவாசிகள் வண்டியை நிறுத்திப் படமெடுத்துக்கொள்ளும் காட்சி அது. எங்களுக்கு அது கூலியில்லாத காலத்தின் தொடக்கம்.

சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்லும் பாணன் கடந்துபோகும் நெய்தல் நிலம் இது. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்பது இலக்கணம் படித்த எவருக்கும் தெரியும். அந்த இரங்கல் அகத்திணை சார்ந்தது, பிரிந்த தலைவனை எண்ணித் தலைவி வருந்துவது, அதைச் சாவு வீட்டோடு சேர்க்கலாகாது என்று நண்பர்கள் திருத்தக்கூடும். உண்மைதான். ஆனால் சங்கப் பாடல்களில் சாப்பறைக்கும் நெய்தல் என்றே ஒரு பெயர் இருக்கிறது. நிலத்தின் பெயரும் பூவின் பெயரும் பறையின் பெயரும் ஒன்றாய் இருப்பது தற்செயலாகவே இருக்கட்டும். உப்புக் காற்றில் வளர்ந்தவனுக்கு அந்தத் தற்செயல் பொருத்தமாகவே படுகிறது.

இவ்வளவு பீடிகை ஒரு சுவரொட்டியைப் பற்றிப் பேசுவதற்காக.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி முதல் மழை பெய்த ஓர் இரவில், என் சித்தப்பா மகன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இறந்துபோனான். வயது இருபத்து மூன்று. கூனிமேட்டில் நண்பன் வீட்டு விசேஷத்திற்குத் தன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டவன், விளக்கில்லாமல் சாலையோரம் நின்றிருந்த சரக்கு வண்டியொன்றின் பின்புறத்தில் மோதினான். தலைக்கவசம் வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவனைப் பற்றி நல்லபடியாகச் சொல்ல எனக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. ஊரில் அவனுக்குப் பகை என்று ஒருவர் இல்லை. விடுமுறையில் வந்தால் உப்பளத்தில் வேலை செய்யும் பெண்களுக்குக் குடிதண்ணீர்க் குடங்களை வண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பான். எங்கள் பாட்டிக்குக் கண் மங்கிய பிறகு, அவள் பெட்டியில் வைத்திருந்த ‘பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை’யை மாலை நேரங்களில் உரக்க வாசித்துக் காட்டியவன் அவன்தான். மோவுத்துக்காரன் வரும் இடங்களில் குரலை மாற்றுவான். குதிரை வரும் இடங்களில் தொடையில் தாளம் போடுவான். தன் மோட்டார் சைக்கிளுக்குப் ‘பாராசாரி’ என்று பெயர் வைத்து, பெட்ரோல் தொட்டியின்மேல் எழுதியும் வைத்திருந்தான்.

குடும்பத்தில் எழுதத் தெரிந்தவன் என்று பெயர் எடுத்திருப்பவன் நான். ஆகவே அவனுடைய நண்பர்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிக்கு வாசகம் கேட்டு என்னிடம் வந்தார்கள். எழுதிக் கொடுத்தேன். ‘காற்றை முந்திய காளையே’ என்று தொடங்கும் நான்கு வரிகள். அச்சகத்துப் பையன் கறுப்புக் கண்ணாடி அணிந்த அவன் படத்தையும் மோட்டார் சைக்கிளையும் பின்னால் ஒரு சிங்கத்தையும் சேர்த்துக்கொண்டான். பேருந்து நிறுத்தத்திலிருந்து பூமீசுவரர் கோயில் தெரு வரை ஒட்டினார்கள். பலரும் வாசகத்தைப் பாராட்டினார்கள் என்பதை வெட்கத்துடன் சொல்கிறேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, சித்தி என்னருகில் வந்து உட்கார்ந்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்க தம்பி. அன்னிக்குச் சாயங்காலம் வண்டிச் சாவியை எடுத்து அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சேன். தேடி எடுத்துக்கிட்டுச் சிரிச்சிக்கிட்டே போனான். நான் ஒளிச்சு வெச்சது மட்டும் எங்கயும் காணோமே.”

அவர் குறை சொல்லவில்லை. காணாமல் போன ஒன்றைத் தேடும் குரல்தான் அது. ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. எது அவனைக் கொன்றதோ அதையே புகழ்ந்து நான் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். அவனைக் காக்க நீண்ட ஒரே கை என் வாசகத்தில் இடம்பெறவில்லை. அதன்பிறகு பாட்டியின் பெட்டியிலிருந்து அந்தப் பெரிய எழுத்துப் புத்தகத்தை எடுத்து, அவன் வாசித்ததைப்போல் உரக்க அல்லாமல், மெல்ல வாசித்துப் பார்த்தேன். தேசிங்கைப் பற்றிக் கிடைத்த பிறவற்றையும் தேடிப் படித்தேன். அகால மரணமடைந்த ஓர் இளைஞனை எப்படி நினைக்க வேண்டும் என்பதை எங்கள் பக்கத்துச் சனங்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தார்கள் என்பதும், நாம்தாம் அதை மறந்துவிட்டோம் என்பதும் இப்போது என் எண்ணம்.

வரலாறு சொல்வதை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மரக்காணம் இருக்கும் அதே விழுப்புரம் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இருக்கிறது செஞ்சி. நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, 1698-இல் முகலாயர் என்று கைமாறிய கோட்டை அது. முகலாயர் சார்பில் கோட்டைத் தலைவராக நியமிக்கப்பட்டவர் புந்தேல ராஜபுத்திரரான சொரூப்சிங். அவர் இறந்த பிறகு, அவருடைய மகன் தேஜ்சிங் வடக்கேயிருந்து வந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். தேஜ்சிங் என்பதைத்தான் தமிழ் நாக்கு தேசிங்கு என்று ஆக்கிக்கொண்டது. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகான் இந்த வாரிசுரிமையை ஏற்கவில்லை. கட்டவேண்டிய கப்பப் பாக்கி பெருந்தொகையாக நிற்கிறது என்றார். தேசிங்கு பணிய மறுத்தார். 1714 அக்டோபர் 3-ஆம் நாள், செஞ்சிக்கு அருகே சங்கராபரணி ஆற்றங்கரைப் பகுதியில் நடந்த சண்டையில் மாண்டார். வயது இருபத்திரண்டு. ஆட்சிக் காலம் ஏறத்தாழப் பத்து மாதம்.

இவ்வளவுதான் வரலாறு. சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட செஞ்சி வரலாற்று நூலில், பல நூற்றாண்டு வரலாற்றுக்கு நடுவே தேசிங்கு ஒரு சிறு பகுதி. செஞ்சிக்காரரான நாராயணன் 1800-களின் தொடக்கத்தில் எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திர’த்திலும் பல அரசர்களுள் ஒருவர். ஆனால் விழுப்புரம், திண்டிவனம், திருவண்ணாமலை வட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அது ‘தேசிங்குராஜன் கோட்டை’தான். 2025-இல் மராத்தியர் இராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பின்கீழ்ப் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. அதற்கு மறுநாளும் எங்கள் ஊர்ப் பேருந்தில் ஒருவர் அதைத் தேசிங்கு கோட்டை என்றே சொன்னார்.

ஏன் இந்த அன்பு? நியாயமாகப் பார்த்தால் தேசிங்கு இந்த மக்களுக்கென்று எதுவும் செய்யவில்லை. செய்ய நேரமும் இருக்கவில்லை. அவர் வெட்டிய ஏரி என்று ஒன்றில்லை. குறைத்த வரி என்று ஒன்றில்லை. தமிழ் அவருடைய தாய்மொழியுமல்ல. செஞ்சியில் நெற்களஞ்சியங்களையும் கோயில்களையும் விட்டுச்சென்ற நாயக்கர்களைச் சனங்கள் பாடவில்லை. கோட்டையைப் பிடித்து மதில்களை வலுப்படுத்திய மராத்தியர்களையும் பாடவில்லை. பத்து மாதம் இருந்து, தோற்று, இறந்த ஓர் இளைஞனைப் பாடினார்கள்.

வீரத்தைப் பாடினார்கள் என்பது வழக்கமான விடை. எனக்கு அது போதவில்லை. வீரர்கள் ஏராளமாக இருந்தார்கள். இரு தரப்பிலும் இருந்தார்கள். அன்றைக்கு மறுபக்கத்தில் செத்தவர்களுக்கும் தாய் உண்டு. சனங்கள் பாடியது, தவிர்த்திருக்கக்கூடிய ஒரு சாவைத்தான் என்று நினைக்கிறேன். தேசிங்கின் கதையை எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் கேட்பவர் நெஞ்சில் ஒரே சொல் எழுகிறது: ‘போகாதே.’ அந்தச் சொல்லைக் கதையே நமக்குக் கற்றுத் தருகிறது. அந்தச் சொல்லுக்காகவே கதை இவ்வளவு காலம் நின்றிருக்கிறது.

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் என்ற குன்றில் பல்லவர் காலக் குடைவரைக் கோயில் ஒன்று இருக்கிறது. பள்ளிகொண்ட பெருமாளான அரங்கநாதர் அங்கே முகத்தை ஒருபுறம் திருப்பியபடி கிடக்கிறார். போருக்கு விடைகேட்டுத் தேசிங்கு வந்து நின்றபோது, போகவேண்டாம் என்று சொல்லும் விதமாகச் சாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார், அந்தத் தலை இன்றுவரை அப்படியே இருக்கிறது என்பது அங்கே சொல்லப்படும் ஐதீகம். கல்லைச் செதுக்கிய பல்லவச் சிற்பிக்குத் தேசிங்கைத் தெரியாது. இடையில் ஆயிரமாண்டு இருக்கிறது. ஆனால் அந்தச் சிலையைப் பார்த்து அப்படியொரு கதையை உண்டாக்கிய மனம் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். தெய்வம் அவனோடு போருக்குப் போயிற்று, வாளில் வந்து அமர்ந்தது என்று அந்த மனம் கற்பனை செய்யவில்லை. தெய்வம் தடுத்தது, அவன் கேட்கவில்லை என்று கற்பனை செய்தது. இறந்தவனின் பிழையை ஒளிக்காமல், ஆனால் அவன்மேல் கோபமும் கொள்ளாமல், சாமியின் கழுத்திலேயே அந்த வருத்தத்தைப் பதித்து வைத்தது.

அடுத்தது ஆறு. அக்டோபர் மாதத்துச் சங்கராபரணி. செஞ்சி மலைகளில் மழை பெய்தால் எப்படிப் பொங்கும் என்பதை அந்தப் பக்கத்துக்காரர்கள் அறிவார்கள். ஆறு வெள்ளத்தில் இருந்தது, படையின் பெரும்பகுதி கடக்க முடியாமல் நின்றது, வெள்ளம் வடியட்டும் என்று காத்திராமல் ஒரு சிறு குதிரைக் கூட்டத்தோடு தேசிங்கு இறங்கிவிட்டார் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கும் செய்தி. நவாபின் படையோ பன்மடங்கு பெரியது. ஒரு நாள் பொறுத்திருந்தால் வென்றிருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆறும் தடுத்தது என்பதைக் கதை மறக்கவில்லை என்பதே நான் கவனிப்பது.

மூன்றாவதாக அவருடைய நண்பர். வரலாற்றில் மகபத்கான், பாட்டில் மோவுத்துக்காரன். புதுச்சேரிக்கு மேற்கே இருக்கும் வழுதாவூர்க்காரர். அவருடைய திருமண நேரத்தில் தேசிங்கின் ஓலை வந்தது, மணக்கோலத்தைக் களைந்துவிட்டு நீலவேணி என்ற குதிரையில் ஏறிப் புறப்பட்டுவிட்டார் என்று கதை சொல்கிறது. இருவரும் ஒரே களத்தில் மாண்டார்கள். செஞ்சியை அடுத்த நீலாம்பூண்டியில் நண்பருக்கும் குதிரைக்கும் சமாதிகள் இருக்கின்றன. ராஜபுத்திரனையும் முகம்மதியனையும் பிரித்துப் பாட இந்த வட்டாரத்துப் பாடகர் எவருக்கும் தோன்றவில்லை. நவாபும் முகம்மதியர்தாமே என்று ஒரு கணக்குப் போட்டு, இதை மதப்போராக்கவும் தோன்றவில்லை. இன்றைக்கு இந்தக் கதையைக் கையில் எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது வேறு. ஒருவன் அகாலமாக இறக்கும்போது அவன் தனியாக இறப்பதில்லை. நின்றுபோன ஒரு திருமணம், கடிவாளம் பற்றியவனை இழந்த ஒரு குதிரை, முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு சாமி, வடியாத ஓர் ஆறு என்று அவனைச் சுற்றி எத்தனையோ இருக்கின்றன. சனங்களின் பாட்டு அவற்றையெல்லாம் பெயர் சொல்லி வைத்திருக்கிறது. சுவரொட்டியோ அவனை மட்டும் தனியே வெட்டியெடுத்துச் சிங்கத்துக்கு முன்னால் நிறுத்துகிறது.

இதற்கும் முந்தைய ஒரு மரபை எண்ணிப் பார்க்கலாம். நடுகல். செங்கம், தண்டராம்பட்டு பகுதிகளில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் நூற்றுக்கும் குறையாதவை அல்ல என்று அடுக்குவதைவிட, அவற்றின் வாசக அமைப்பைக் கவனிப்பது நமக்குப் பயன்படும். எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊரில், யாருடைய தொறுவைக் கவர்ந்தபோது அல்லது மீட்டபோது, யார் பட்டான் என்று கல் சொல்லும். புகழ்மொழி அரிது. சாவின் காரணம் அநேகமாக எப்போதும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, வீரனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்ற நாயையும் பெயரோடு குறித்திருக்கிறது. எழுத்தறிவு மிகக் குறைவாயிருந்த அந்த ஏழாம் நூற்றாண்டில், கல்லில் உளியால் பொறிக்கும் சிரமத்தோடு, ஒரு நாயின் பெயருக்கு இடம் ஒதுக்கினார்கள். நமக்கு வழவழப்பான பதாகையில் பத்தடிக்கு எட்டடி இடம் இருக்கிறது. அதில் அவன் எப்படிச் செத்தான் என்பதற்கு இடமில்லை.

நண்பர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது ஒரு மறுப்பு வந்தது. சாவு வீட்டில் பிழை பேசுவது பண்பா? பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த நேரத்தில் வேண்டியது ஆறுதல்தானே? இளமையில் இறப்பவன் முதுமையின் தளர்ச்சியைக் காணாமல், புகழின் உச்சியிலேயே போய்ச் சேர்கிறான் என்று ஆங்கிலக் கவிஞன் ஹவுஸ்மன் 1896-இல் ஒரு கவிதை எழுதினான். ஓட்டப் பந்தய வீரன் ஒருவனின் மரணத்தைப் பற்றியது. வாடுமுன்பே விடைபெற்ற மாலை என்பது போன்ற அந்த ஆறுதலில் உண்மை இல்லையா என்று ஒரு நண்பர் கேட்டார்.

அழகான ஆறுதல்தான், மறுக்கவில்லை. அது கவிதைக்குள் இருக்கும் கசப்பையும் நான் அறிவேன். ஆனால் அந்த ஆறுதல் யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்கள். நம்மைப் போன்று தள்ளி நின்று வாசிப்பவர்களுக்குப் பயன்படுகிறது. தாய்க்குப் பயன்படுவதில்லை. மகன் தலை நரைத்து, சர்க்கரை நோய் வந்து, வீட்டுக் கடனைக் கட்டிக்கொண்டு, புகழேதுமில்லாமல் அறுபது வயதில் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும் என்பதே அவள் வேண்டுதல். வாடாத மாலை அவளுக்கு எதற்கு?

பண்பைப் பற்றிய கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கிறது. பிழையைப் பேசு என்று நான் சொல்லவில்லை. ‘தலைக்கவசம் அணியாததால் செத்தான்’ என்று சுவரில் ஒட்டுவது கொடூரம். தடுத்தவர்களைப் பேசு என்றுதான் சொல்கிறேன். சிங்கவரத்துக் கதை தேசிங்கைத் திட்டவில்லை. சாமி திரும்பிக்கொண்டது என்று மட்டும் சொல்கிறது. அதைக் கேட்கும் சிறுவனுக்கு இரண்டும் ஒருங்கே விளங்கிவிடுகின்றன: அவன் எவ்வளவு நேசிக்கப்பட்டான், எதைக் கேட்காமல் போனான். அறிவுரை சொன்னால் கேட்காத பிள்ளைகள்கூட இப்படிச் சொன்னால் கொஞ்சம் நின்று கேட்பார்கள்.

இந்த வட்டாரம் இதை இரவிரவாகப் பயின்றிருக்கிறது. செஞ்சி மேலச்சேரியைத் தாய்க்கோயிலாகக் கொண்டது எங்கள் பக்கத்துத் திரௌபதி வழிபாடு. ஆல்ஃப் ஹில்டெபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1988-இல் வெளியிட்ட தன் ஆய்வின் முதல் தொகுதிக்குச் செஞ்சியிலிருந்து குருட்சேத்திரம் வரை என்றே பெயர் வைத்தார். திரௌபதியம்மன் திருவிழாக் கூத்துகளில் அபிமன்யு சண்டை இரவை நினைத்துப் பாருங்கள். உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்பது அவையில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு கிழவிக்கும் தெரியும். அவர்கள் அழுவது அவன் விழும்போது அல்ல, அவன் புறப்படும்போது. கூவாகத்தில் சித்திரை நிலவில் தாலி அறுத்து அழும் திருநங்கையர் நினைப்பதும், பிறருடைய போருக்காகப் பலியிடப்பட்ட அரவான் என்ற இளைஞனைத்தான். இந்த மண்ணில் ஒப்பாரி என்பது புகழுரையாக ஒருநாளும் இருந்ததில்லை. அது ஒரு விசாரணையும்கூட. ஏன் போனாய், யாரைக் கேட்டுப் போனாய், யார் உன்னை விட்டார்கள் என்று மார்பில் அடித்துக்கொண்டு கேட்கும் விசாரணை.

இவ்வளவு புகழ்ந்த பிறகு, தேசிங்கு கதை சறுக்கும் ஓர் இடத்தையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். அது ராணியின் சாவு. கணவனின் சிதையில் அவள் உயிர்விட்டாள் என்பதும், அவள் நினைவாகவே ஆர்க்காட்டுக்கு எதிரே பாலாற்றங்கரையில் ராணிப்பேட்டை எழுந்தது என்பதும் மரபுச் செய்தி. 2019-இல் அது மாவட்டத்தின் பெயராகவும் ஆகிவிட்டது. அவளும் இளம்பெண்தான். அவளும் அகாலத்தில்தான் இறந்தாள். ஆனால் அவளுக்காக எந்தச் சாமியும் முகத்தைத் திருப்பவில்லை. எந்த ஆறும் குறுக்கே வரவில்லை. அவள் போவதைக் கதை பெருமையாக எண்ணி வழிவிட்டு நிற்கிறது. தேசிங்கைப் பார்த்து ‘போகாதே’ என்று பதறிய அதே சனங்களின் நெஞ்சு, அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டது. புகழ் எங்கே நுழைகிறதோ அங்கே தடுக்கும் கை இறங்கிவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘ராஜா தேசிங்கு’ வெளிவந்தது. என் பாட்டி அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறாள். ஆனாலும் கண் மங்கிய காலத்தில் அவள் கேட்க விரும்பியது புத்தகத்தைத்தான். நான் ஒருமுறை காரணம் கேட்டேன். படத்தில் ராஜாவைப் பார்க்கலாம், புத்தகத்தில்தான் அவனுக்காக அழமுடிகிறது என்ற பொருளில் ஏதோ சொன்னாள். அன்றைக்கு அது கிழவியின் பிடிவாதமாகத் தோன்றிற்று. பேரனை இழந்தபின், அவனைப் பற்றிய என் வாசகத்தை யாரோ படித்துக் காட்டியபோது அவள் ஒன்றுமே சொல்லாமல் இருந்ததன் பொருள் இப்போது விளங்குகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது, கோவளத்திலிருந்து காலாப்பட்டு வரை, எத்தனை சுவரொட்டிகளை, எத்தனை பதாகைகளைக் கடக்கிறோம் என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். இருபது, இருபத்திரண்டு, இருபத்தைந்து என்று வயதுகள். பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு காளை, ஒரு சிங்கம், ஒரு புயல். அவற்றைப் பார்த்துக்கொண்டே அடுத்த பையன் வண்டியின் காதைத் திருகுகிறான். அஞ்சலி அவனுக்கு அழைப்பாகத் தெரிகிறதோ என்று அஞ்சுகிறேன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு உரிமையில்லை. அழைப்பை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

சென்ற ஐப்பசியில் நினைவு நாளுக்கு முன்பு, அதே நண்பர்கள் மறுபடியும் வாசகம் கேட்டு வந்தார்கள். இப்போது அவர்களில் இருவருக்குத் திருமணமாகியிருந்தது. சித்தியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இப்படி எழுதிக் கொடுத்தேன்: அவன் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். உப்பளத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன். பாட்டிக்குக் கதை வாசித்தவன். மழை பெய்த இரவில் போகவேண்டாம் என்று அம்மா சாவியை அரிசிப் பானையில் ஒளித்து வைத்தாள்.

அவ்வளவுதான். நண்பர்கள் படித்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும், “சிங்கம் வேண்டாமாண்ணா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். ஒரே ஒரு சுவரொட்டிதான் அச்சிட்டார்கள். உப்பளத்துக்குப் போகும் வழியிலிருக்கும் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டினார்கள். மறுநாள் மழையில் அது பாதி கிழிந்துவிட்டது. அதற்குள் பார்க்கவேண்டியவர்கள் பார்த்திருந்தார்கள். தேநீர்க் கடைக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்: வண்டியை நிறுத்தி வாசித்த பையன்களில் ஒருவன், அங்கிருந்தே வீட்டுக்குப் பேசினானாம். என்ன பேசினான் என்று அவருக்குத் தெரியவில்லை.

சித்தி அந்தச் சுவரொட்டியைப் பார்த்தார். இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை.